மைக் செட்டை நிறுத்தின பத்து நிமிஷம்

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் தூக்க மாட்டாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க, ஜன்னல் பக்கம். இங்கேருந்து பாத்தா எதுத்த வீடு முழுசாத் தெரியும். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லவே வேண்டாம். காலைல பத்து மணிக்கு, பட்டும் கட்டாம பழசும் கட்டாம, தேச்ச சுங்குடிச் சேலையில ஒரு பொம்பள தெருவுல நின்னுக்கிட்டு, வீட்டு நம்பரைப் பாக்காம மாடியையும் கேட்டையும் பாத்தான்னா, அவ பொண்ணு விசாரிக்க வந்தவதான். டாக்டர் வீட்டுப் பேத்தி, மிருதுளா. அதானே?

தெரியும் எனக்கு.

விசாரிக்கிறதுன்னா எதுத்த வீட்லதான் விசாரிக்கணும். பக்கத்து வீட்டுக்காரி உள்ளதைச் சொல்ல மாட்டா. அவளுக்கு அவங்க தொட்டித் தண்ணி வேணும், அவங்க மரத்து மாங்கா வேணும். எனக்கு அந்த வீட்ல ஒண்ணும் வேண்டாம். நடுவுல பதினாறடி ரோடு. இருபத்திரெண்டு வருசமா அந்த ரோட்டைத் தாண்டி அந்த வீட்டுப் படியை நான் மிதிச்சதில்ல. அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அதனால நான் சொல்றது சுத்தமான விசாரணை.

இந்தா, காபியைக் குடிங்க. சீனி போதுமா? பேரு என்ன? சீதாலட்சுமியா. கோவில்பட்டியா? கோவில்பட்டில எங்க? அங்கதான் எங்க சின்ன மாமியார் மக இருக்கா. மூணு மருமக, ஒரே வீடு, மூணு அடுப்பு. ஒருத்தி கொழம்பு கொதிச்சா அடுத்தவ ஜன்னலைச் சாத்துவா. அது தனிக் கதை. பையன் ஒருத்தன்தானா? பெங்களூரா. நல்லது. நீ என்னைவிட வயசுல ரொம்பச் சின்னவ, நீன்னே பேசுறேன், கோவிச்சுக்காத. என் பேரு சண்முகக்கனி. தெருவுல கனியக்கான்னா தெரியும்.

அந்தப் புள்ளையப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும். அதை இன்னைக்கு உன்கிட்டச் சொல்லத்தான் போறேன். சொன்னா இந்தக் கல்யாணம் நடக்காது. ஆனா இப்பமே சொல்ல மாட்டேன். சொன்னா நீ பாதிக் காபியோட எந்திரிச்சுப் போயிருவ. எதுக்குச் சொல்றேன்னு உனக்குத் தெரியணும். இருபத்திரெண்டு வருசமா என்னைக்காவது ஒருத்தி என் படியேறி வந்து, அந்த வீட்டுப் பொண்ணைப் பத்தி என் வாயில கேக்கணும், நான் சொல்லணும், கேட்டுட்டு அவ திரும்பிப் பாக்காமப் போகணும்னு உக்காந்திருக்கேன். நீதான் அவ. நல்லா உக்காரு.

அதோ பாரு, போர்டிகோவுல வெள்ளைச் சட்டையில பேப்பர் படிக்கிறாரே, அவருதான் தனுஷ்கோடி டாக்டர். எழுபத்தேழு வயசு. இப்ப வைத்தியம் பாக்கிறதில்ல. ஒரு காலத்துல சாத்தூர் என்ன, ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைன்னு சுத்துப்பட்டு எல்லாம் இந்தத் தெருவுலதான் நிக்கும். மருந்தெல்லாம் எல்லா டாக்டரும் குடுக்கிற மருந்துதான். ஆனா அவரு காது இருக்கே, அது எந்த டாக்டருக்கும் கெடையாது. ஒரு மனுசன் வந்து உக்காந்தா முதல்ல பேச விடமாட்டாரு. குழாயை எடுத்து நெஞ்சுல வைப்பாரு, முதுகுல வைப்பாரு, கண்ணை மூடிக்குவாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு அப்புறம்தான், இப்ப சொல்லும்யா உமக்கு என்னன்னு கேப்பாரு. அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

எங்க வீட்டுக்காரரோட அண்ணன் ஒருத்தர், சோலையப்பன்னு பேரு, மெலிஞ்சு மெலிஞ்சு குச்சியாப் போயிட்டாரு. செய்வினைன்னு அவுக பொண்டாட்டி எலுமிச்சம்பழமா வாங்கிக்கிட்டு இருந்தா. அவ இருக்காளே, வீட்ல பால் திரிஞ்சாக்கூட செய்வினைம்பா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். செக்குக்காரன் எண்ணெய் பீப்பாயைத் தட்டி, எண்ணெய் எதுவரைக்கும் நிக்குதுன்னு பாப்பான்ல, அது மாதிரி முதுகைத் தட்டிக்கிட்டே வந்தாரு. தட்டிக்கிட்டே வந்து ஒரு எடத்துல நிறுத்தி, பேனாவை எடுத்து முதுகுல ஒரு கோடு போட்டாரு. இதுக்குக் கீழ தண்ணி நிக்குதுன்னாரு. மதுரையில போய் படம் எடுத்தா, அந்தக் கோட்டுக்கு நேரா தண்ணி. அவுகளும் ஊசி போட்டு எடுத்தாங்க, மனுசன் அப்புறம் பதினஞ்சு வருசம் இருந்தாரு.

கெட்ட மனுசன்னு சொல்லுவேன். கெட்ட டாக்டர்னு சொல்ல முடியாது. பொய் சொல்லக்கூடாதுல்ல.

எனக்கு ஒத்தப் பொண்ணு, பொன்செல்வி. சின்ன வயசுலேர்ந்தே சோம்பேறி. ரெண்டு கொடம் தண்ணி தூக்கினா மூச்சு வாங்குதும்பா. மாடியேறச் சொன்னா நடுப்படியில உக்காந்துக்குவா. எட்டு வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்குப் பயந்துக்கிட்டு, இன்னைக்கு கணுக்கால் வலின்னா, நாளைக்கு முட்டி வலின்னா, நாளன்னைக்கு மணிக்கட்டு. வலி என்ன பஸ்ஸா, ஒவ்வொரு ஸ்டாப்புலயா எறங்கி ஏறும்? காய்ச்சலும் கெடந்துச்சு, முட்டியும் லேசா வீங்கிச்சு. நென்மேனியில ஒருத்தர் சுளுக்கு வழிப்பாரு, அவர்கிட்டத்தான் தூக்கிட்டுப் போனேன். அவரு வழிச்ச வழியில இது கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. ஒரு மாசத்துல சரியாப் போச்சு. எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதானே. அதுக்குப் பெறவு நல்லாத்தான் வளந்துச்சு. லட்சணமா இருப்பா. கன்னம் ரெண்டும் ரோஸ் பவுடர் போட்ட மாதிரி செவந்திருக்கும். பாக்கிறவங்கள்லாம் என்ன கன்னம்னு சொல்லுவாங்க. அந்த டாக்டர் அந்தக் கன்னத்தைக்கூட விடல, அதுவும் வியாதிதான்னாரு.

பொன்செல்விக்கு இருபத்திரெண்டு வயசுல அருப்புக்கோட்டையிலேர்ந்து ஒரு எடம் வந்துச்சு. என்ன எடம்ங்கிற! பையனோட அம்மா பவளக்கொடி. அவளைப் பாத்தாலே ஒரு மரியாதை வரும். ஏற்கெனவே மூணு மருமக, ஒம்போது பேரன் பேத்தி. எந்த மருமகளையும் ஒரு வருசத்துக்கு மேல வெறும் வயித்தோட இருக்க விட்டதில்லன்னு அவளே பெருமையாச் சொன்னா. மூத்தவ மட்டும் அஞ்சாவது பிரசவத்துல போயிட்டா, பாவம், அது அவ ஆயுசு. அப்படிப்பட்ட குடும்பம். வீடு நெறைய ஆளு.

சித்திரையில பூ வைக்கிறதாப் பேச்சு. அதுக்கு முன்னாடி பவளக்கொடி ஒண்ணு கேட்டா. பொண்ணை ஒரு டாக்டர்கிட்டக் காட்டி, எல்லாம் சரியா இருக்குன்னு அவரு வாயால கேட்டுட்டா நல்லதுன்னா. ரெண்டாவது மருமகளுக்குக் கல்யாணம் முடிஞ்சப்பறம்தான் காது கேக்காதுன்னு தெரிஞ்சுச்சாம், அதுலேர்ந்து அவளுக்கு ஒரு பயம். நான் என்ன செஞ்சேன், வேற டாக்டர் எதுக்கு, எங்க எதுத்த வீட்டு டாக்டரே இருக்காரே, அவரு சொன்னா சுத்துப்பட்டே ஒத்துக்கும்னு சொன்னேன். நானேதான் சொன்னேன். நமக்கு வேண்டிய மனுசன், நல்லதாத்தான் சொல்லுவாருன்னு ஒரு நம்பிக்கை. முத நாளே ஒரு தூக்குச்சட்டி நெறைய நெய் உருக்கி அவரு பொண்டாட்டிகிட்டக் குடுத்தேன். நாளைக்கு பொன்செல்வியைக் கூட்டிட்டு வர்றோம் மயினி, டாக்டர்கிட்டச் சொல்லி வைங்கன்னேன். அவளும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா. நெய் வாங்கினா என்ன அர்த்தம்? நீயே சொல்லு.

மறுநா போனோம். நான், எங்க வீட்டுக்காரர், பவளக்கொடி, அவ புருசன், அவ தங்கச்சி. பங்குனிப் பொங்கல் சாட்டியிருந்த சமயம், மாரியம்மன் கோவில்ல நாலு கொழாய் கட்டி மைக் செட்டு போட்டுக்கிட்டு இருக்கு. டாக்டர் எங்களையெல்லாம் பாத்துட்டு, பொண்ணும் அம்மாவும் மட்டும் இருங்க, மத்தவங்க வெளிய உக்காருங்கன்னாரு. பவளக்கொடி மொகம் ஒரு மாதிரி ஆச்சு. என்னத்தையோ மறைக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டா? நான் சொன்னேன், அவங்களும் இருக்கட்டும் டாக்டர், நமக்கு மறைக்க என்ன இருக்குன்னேன். அவரு திரும்பவும் சொன்னாரு, வேண்டாம்மா, முதல்ல நாம பேசிக்குவோம்னாரு. நான் விடல. அவங்க இருந்தாத்தான் பாக்கணும்னுட்டேன். சரின்னுட்டாரு. மனுசன் மூணாவது தடவையும் சொல்லியிருக்கணுமா இல்லையா? ரெண்டோட விட்டுட்டாரு.

குழாயை வச்சாரு. வச்சவரு எடுக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரரைப் பாத்து, அந்த ஃபேனை நிறுத்துங்கன்னாரு. நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தச் சொன்னாரு, சாத்தினோம். அப்பவும் பத்தல. கம்பவுண்டர் மாசிலாமணியைக் கூப்பிட்டு, கோவிலுக்குப் போய் நான் கேட்டேன்னு சொல்லி மைக் செட்டைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுன்னாரு. நீயே நெனச்சுப் பாரு. பங்குனிப் பொங்கல்ல மைக் செட்டு நின்னா ஊருல எவனாவது செத்துப்போயிருக்கணும். தெருவே வெளிய வந்து நின்னுருச்சு. என்ன, என்னன்னு கேக்க, மாசிலாமணி வாய் சும்மா இருக்குமா, கனியக்கா மக நெஞ்சை டாக்டர் கேக்குறாருன்னுட்டான். மாரியம்மன் பாட்டை நிறுத்திக் கேட்டாரும்மா என் பொண்ணு நெஞ்சை. அப்படி என்ன கேக்குது அதுல?

அவளைப் பத்துத் தரம் உக்காந்து எந்திரிக்கச் சொன்னாரு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாரு. குழாயோட இன்னொரு பக்கத்தை, அந்தக் குழி மாதிரி இருக்குமே, அதை மார்புக்குக் கீழ வச்சு கண்ணை மூடிக்கிட்டாரு. அந்த ரூம்ல ஒரு சத்தம் கெடையாது. பவளக்கொடி தங்கச்சி வளையல் குலுங்குச்சு, கண்ணைத் தொறக்காமலே கையைக் காட்டினாரு. நான் பவளக்கொடி மொகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் எந்திரிச்சு என்கிட்டக் கேட்டாரு, சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்துச்சான்னு. சம்பந்தி வீட்டு ஆளுங்க நிக்கிறப்ப என்ன சொல்ல? அதெல்லாம் ஒண்ணும் வரலன்னு சொன்னேன். இந்தக் கழுதை படுத்த எடத்துலேர்ந்து, வந்துச்சு டாக்டர், எட்டு வயசுலன்னுட்டா. கிள்ளியிருப்பேன், கைக்கு எட்டல.

அப்பத்தான் டாக்டர் சொன்னாரு. "லப்பு டப்புன்னு ரெண்டு சத்தந்தான் இருக்கணும். இந்தப் புள்ளைக்கு ரெண்டாவதுக்குப் பின்னாடி ஒரு உருட்டல் இருக்கு. மரப்பாலத்து மேல மாட்டு வண்டி போனா தூரத்துல கேக்குமே, அப்படி. வால்வு சுருங்கிக் கெடக்கு. இதைச் சரி பண்ணாம வயித்துல ஒண்ணு உண்டானா, தாயும் தங்காது."

சொல்லிட்டு, குழாயைக் கழத்தி என் பக்கமா நீட்டினாரு, நீங்களே கேளுங்கன்னு. பெத்தவ கேட்டா நம்புவீங்கன்னாரு. நான் வாங்கல. சம்பந்திக்காரி நிக்கிறப்ப நானும் குழாயைக் காதுல மாட்டிக்கிட்டு, ஆமா கேக்குதுன்னு சொல்லணுமா? கையைத் தட்டி விட்டேன்.

பவளக்கொடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "ஓட்டைப் பானையைப் பாக்கிறதுக்கா அருப்புக்கோட்டையிலேர்ந்து வந்தோம்." எந்திரிச்சுப் போனாங்க. வெளிய தெரு பூராவும் நிக்கிது, அவங்ககிட்டயும் நின்னு நெதானமாச் சொல்லிட்டுத்தான் காருல ஏறினா. அருப்புக்கோட்டையில நாலு தெருவுக்குச் சொன்னா. அடுத்து வந்த ரெண்டு எடமும் பஸ்ஸ்டாண்டோட திரும்பிப் போச்சு. அவளைக் குத்தம் சொல்ல முடியாது, அவ பையனைப் பெத்தவ, அவ பயம் அவளுக்கு. எல்லாம் யாரால? அந்தக் காதால. அன்னைக்கு ராத்திரி சாமி மேல சத்தியம் பண்ணினேன். என் வீட்டுக் கல்யாணத்தை எப்படிக் கெடுத்தாரோ, அதே மாதிரி அவரு வீட்டுக் கல்யாணம் ஒண்ணை நான் கெடுக்காம கண்ணை மூட மாட்டேன்னு. அப்ப இந்த மிருதுளாவுக்கு மூணு வயசு. வாசல்ல அம்மணமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பரவால்ல, காத்திருக்கலாம்னு நெனச்சேன்.

அப்புறம் என்ன ஆச்சுங்கிற? அந்த டாக்டர் எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பேசி, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரும் அவரு பொண்டாட்டியும் தொணைக்கு, அவரு ஆஸ்பத்திரியை எட்டு நாள் சாத்திட்டு. தொடைப் பக்கமா ஒரு கம்பியை விட்டு, அது நெஞ்சுக்குப் போய், அங்க ஒரு பலூனை ஊதி வால்வை விரிச்சாங்களாம். நான் போகல. அவமானப்படுத்தினவன் கூட ஒரே ரயில்லயா போவேன்? எட்டு நாளும் நான் இங்கதான் இருந்தேன், அடுப்புப் பத்த வைக்கல. பக்கத்து வீட்ல சோறு குடுத்தாங்க, அது வேற.

திரும்பி வந்தப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. அந்தக் காய்ச்சல் திரும்ப வராம இருக்கவாம். நாப்பது வயசு வரைக்கும் போடணும்னுட்டாரு. போட்டவரும் அவரேதான். மூணு வாரத்துக்கு ஒருக்க என் பொண்ணு இந்த ரோட்டைத் தாண்டிப் போவா, நான் ஜன்னலைச் சாத்துவேன். பதினெட்டு வருசம் சாத்தினேன். ஒரு தடவை அவரு காய்ச்சலாக் கெடந்தப்ப, ஊசி நாளுன்னு கம்பவுண்டரை இங்க அனுப்பி வச்சாரு. எவ்வளவு திமிரு பாரு, என் வீட்டுக்குள்ளேயே ஆளை அனுப்புறாரு.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காத. இப்ப நீ உக்காந்திருக்கியே, இந்த முன்ரூமை அப்ப மிளகாய்ப் பொடி மில்லுக்கு வாடகைக்கு விட்டேன். வேணும்னே விட்டேன். பத்து குதிரைச் சக்தி மோட்டாரு. காலைல எட்டு மணிக்குப் போட்டா சுவரெல்லாம் அதிரும். இப்ப எதைக் கேப்ப, எந்த உருட்டலைக் கேப்பன்னு உள்ள உக்காந்து சிரிச்சேன். மில்லுக்காரன் பேரு குருவலிங்கம், அவனுக்கு ஒரு கண்ணுதான். ஆனா மிளகாயை மோந்து பாத்தே எந்த ஊரு மிளகாய்னு சொல்லிருவான். நல்ல மனுசன், ரெண்டு பொண்டாட்டி. சரி, அவன் கதை வேண்டாம். டாக்டர் என்ன செஞ்சாரு தெரியுமா? சண்டைக்கு வருவாருன்னு பாத்தேன், வரல. விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியைத் தொறந்துட்டாரு. மோட்டார் போடறதுக்குள்ள நெஞ்செல்லாம் கேட்டு முடிச்சிருவாரு. அஞ்சு மணிக்கெல்லாம் தெருவுல ஜனம், எனக்குத்தான் தூக்கம் போச்சு. மிளகாய் நெடிக்கு தெருவே தும்மிக்கிட்டு, இருமிக்கிட்டு, அதுவும் அவருகிட்டத்தான் போச்சு. கடைசில பொன்செல்விக்கே இருமல் வந்து, விருதுநகர் ஹாஸ்டலுக்குப் போயிட்டா, ஊசிக்கு மட்டும் வருவா. மூணு வருசம். அப்புறம்தான் மில்லை எடுத்தேன்.

பொன்செல்வியா? இருக்கா. இருக்கிறதுக்கு என்ன. அந்த ஹாஸ்டல்லேர்ந்துதான் பாலிடெக்னிக் படிச்சா. இப்ப யூனியன் ஆபீஸ்ல ஓவர்சீயரு. நாப்பத்திநாலு வயசு. ஸ்கூட்டியில கிராமம் கிராமமாப் போயி, தண்ணி டேங்க் மேல ஏறி நின்னுக்கிட்டு, ஆம்பளைங்களை அதட்டுறா. நாப்பதடி ஏணி. கீழ நிக்கிற எனக்குத் தலை சுத்துது, இவ மேல நின்னுக்கிட்டு எட்டிப் பாத்துச் சிரிக்கிறா. ஒரு பொம்பளைப் புள்ளை ஏறுற எடமா அது? கல்யாணத்தைப் பத்திப் பேசினா, இப்ப என்னம்மா கொறைச்சல்ங்கிறா. இப்படி ஆக்கிட்டாரு. ஒழுங்கா அன்னைக்கே அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தா இந்நேரம் அஞ்சாறு புள்ளை பெத்து...

சரி விடு.

மிருதுளாவா? அந்தப் புள்ளை மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பந்து இங்க விழுந்தா எடுக்க வரும். நான் பேச மாட்டேன். முறுக்குக் கேக்கும், குடுப்பேன். பேசறது வேற, திங்கக் குடுக்கறது வேற. எட்டாவது படிக்கிறப்ப ஒரு நாளு, ஏன் ஆச்சி எங்க தாத்தாகிட்டப் பேச மாட்டேங்கிறீங்கன்னு கேட்டுச்சு. போய் உங்க தாத்தாகிட்டயே கேளுன்னேன். கேட்டுட்டு வந்து, தாத்தா நான் செஞ்சது தப்புதான்னு சொன்னாருன்னு சொல்லுச்சு. என்ன தப்புன்னு சொன்னாருன்னு கேட்டேன். இன்னொரு தடவை வெளிய போகச் சொல்லியிருக்கணும்னு சொன்னாராம். பாத்தியா, அவரே ஒத்துக்கிட்டாரு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். காபி முடிஞ்சிருச்சா? நல்லாக் கேளு.

போன ஐப்பசியில ஒரு நா காலைல, தாத்தனும் பேத்தியும் காருல ஏறி மதுரைக்குப் போனாங்க. சாயங்காலம் வந்தாங்க. புள்ளை கையில பெரிய கவரு, நெஞ்சு ஆஸ்பத்திரிக்காரங்க குடுக்கிற கவரு. எனக்குத் தெரியாதா அந்தக் கவரு? என் வீட்டு அலமாரியில பதினாலு இருக்கு. ஒரு மாசம் கழிச்சுத் திரும்பவும் போனாங்க, திரும்பவும் கவரு. அந்தப் புள்ளைக்கு நெஞ்சுல கோளாறு. சத்தம் இருக்கு. எழுதி வச்சுக்கோ. என் பொண்ணுக்கு மைக் செட்டை நிறுத்தி ஊருக்கே சொன்ன மனுசன், தன் பேத்திக்குன்னு வந்ததும் வாயைப் பொத்திக்கிட்டு, உங்க தலையில கட்டப் பாக்கிறாரு. தனக்குன்னு வந்தா எந்த டாக்டரும் மனுசந்தான். இதைச் சொல்லத்தான் இருபத்திரெண்டு வருசமா...

என்ன, நீ பதறக் காணோமே.

என்ன சொல்ற?

இரு, இரு. நெதானமாச் சொல்லு. அவரே சொன்னாரா? எப்ப? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கேவா? நான் ஊருல இல்லாதப்ப வந்திருப்பீங்க. பலகாரத்தட்டு வைக்கிறதுக்கு முன்னாடியேவா?

என்னன்னு சொன்னாரு? வால்வு லேசாப் பிதுங்குது, ஒரு சின்ன சத்தம் இருக்கு, ஒண்ணும் செய்யாது, வருசத்துக்கு ஒருக்கப் பாத்தாப் போதும்னு. சரி. கவரு ரெண்டையும் எடுத்துக் கையில குடுத்தாரா. உங்க டாக்டரையும் வச்சுக் கேட்டுக்கோங்கன்னாரா. சரி.

தனியாச் சொன்னாரா, எல்லாரும் இருக்கிறப்பவா? உன்னையும் உன் வீட்டுக்காரரையும் மட்டும் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரா. ம். அந்தப் புள்ளையைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்னு சொன்னாரா. புள்ளையும் பக்கத்துல இருந்துச்சா? அது மொகம் எப்படி இருந்துச்சு?

கவனிக்கலையா.

நானும் அன்னைக்குக் கவனிக்கல.

சரி, அவருதான் எல்லாத்தையும் சொல்லிட்டாரே, அப்புறம் இங்க எதுக்கு வந்த? ஊருல சொன்னாங்களா. எதுத்த வீட்ல இதே மாதிரி ஒரு பொண்ணு இருந்துச்சு, அது என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்களா. இருந்துச்சுங்கிற. இருக்கா. இப்ப ஏதாவது ஒரு டேங்க் மேல நிக்கிறா. போய்ப் பாரு.

யாரு சொன்னாங்க இந்த வீட்டை? முக்குக் கடைக்காரனா. அவன்கிட்ட எதுக்கு இதைக் கேட்ட? அவன்கிட்ட மட்டுமா? அயர்ன் கடையிலயுமா. கோவில்ல பூக்கட்டுறவகிட்டயுமா. டாக்டர் பேத்திக்கு நெஞ்சுல என்னமோ சத்தமாமே, இதுக்கு முன்னாடி மயக்கம் கியக்கம் போட்டு விழுந்துச்சா, உங்களுக்குத் தெரியுமான்னு. எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. உள்ள கூப்பிட்டு உன்னை நம்பிச் சொன்னதை, பூக்கட்டுறவகிட்டச் சொல்லிட்டு வந்து என் வீட்டுக் காபியைக் குடிச்சிருக்க.

கேட்டா என்ன தப்பா? விசாரிக்க வேண்டாமா? வேற ரெண்டு எடமும் பாத்துக்கிட்டு இருக்கீங்களா. அது எதுவும் அமையலன்னா, இதைப் பத்தி யோசிக்கலாம்னு இருக்கீங்க. அதுவரைக்கும் டாக்டர் வீட்டுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்படி. ஒரு சந்தேகம் உள்ள பொருளை எடுத்து ஓரமா வைக்கச் சொல்ற.

இன்னொரு தடவை சொல்லு அந்த வார்த்தையை, பொருள்னு. இல்ல, நீ சொல்லல, நாந்தான் சொன்னேன். உன் மனசுல இருக்கிறதைச் சொன்னேன்.

எந்திரி.

உன்னைத்தாம்மா, எந்திரி. டம்ளரை அங்கனயே வை, நான் கழுவிக்குவேன். கோவம்லாம் இல்ல. இந்த ஜன்னல்ல இம்புட்டு வருசமா உக்காந்திருக்கேனே, ஒருத்தி வருவா, வருவான்னு பாத்தேன். அவ இப்படித்தான் இருப்பான்னு தெரியாமப் போச்சு. அருப்புக்கோட்டைக்காரி பட்டுச்சேலையில வந்தா, நீ சுங்குடியில வந்திருக்க. நகரு, வழி விடு. நான் வாசலுக்குப் போகணும்.

டாக்டரே!

டாக்டரே, உங்களத்தான். பேப்பரை எறக்குங்க. நாந்தான் பேசுறேன், கனி. என்ன கண்ணாடியைக் கழத்திட்டுப் பாக்குறீக, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. இந்தக் கோவில்பட்டி எடம் நமக்கு வேண்டாம். விசாரிச்சுட்டேன். நம்ம புள்ளைக்குச் சரிப்படாது. பொண்ணு குடுக்க முடியாதுன்னு இப்பமே போன் போட்டுச் சொல்லிருங்க, அவங்க சொல்றதுக்கு முன்னாடி.

போ தாயி, பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, வேகமா நடந்தாப் பிடிச்சிரலாம். உங்க ஊருல போய்த் தாராளமாச் சொல்லு, டாக்டர் பேத்தி கல்யாணத்தை எதுத்த வீட்டுக்காரி கெடுத்துட்டான்னு. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாமி மேல பண்ணின சத்தியம், இருபத்திரெண்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் முடிஞ்சுச்சு.